ஃப்ரீகால்: அரசரின் படையைக் கடலிலேயே முறியடிக்க இயலுமா?

நெய்தல்நிலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக ஃப்ரீகால் ஆடி வருகிறேன். 1994இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்ட காலனைசேஷன் ஆட்டத்தை அடியொற்றி ஆர்வலர்கள் திறமூலமாக எழுதிய கணினி ஆட்டம் இது என்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். ஐரோப்பியர்களாக அமெரிக்காவில் குடியேறி, பின்னர் தாய்நாட்டு அரசரிடமிருந்து விடுதலையை அறிவித்து, அவர் அனுப்பும் படையை வெல்வதே இதன் இலக்கு. வணிகமும் குடியேற்றமும் எனக்கு ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் விடுதலையை அறிவித்த பிறகு வரும் போரில் இருமுறை தோற்றுவிட்டேன். இருமுறையும் வெவ்வேறு விதமாகத் தோற்றதால், என் பிழை எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெளிவாகவில்லை.

நான் டச்சுக்காரர்களாக ஆடுகிறேன். ஒன்பது காலனிகள் உள்ளன. அவற்றுள் எட்டு கடற்கரையில் அமைந்தவை. குடியேறியவர்களில் விடுதலையை விரும்பும் சுதந்திர மைந்தர்களின் ஆதரவு 62 விழுக்காட்டில் நிற்கிறது. அறிவிப்புக்கு 50 போதும் என்பதால் அதில் தடையில்லை. என்னிடம் நான்கு ஃபிரிகேட்டுகளும் (போர்க்கப்பல்கள்) இரண்டு பிரைவேட்டியர்களும் (விரைவான கொள்ளைக் கப்பல்கள்) மூன்று கேலியன்களும் (பெரிய சரக்குக் கப்பல்கள்) இருக்கின்றன. அரசரின் படை பற்றிய அறிக்கை 40 காலாட்படைப் பிரிவுகள், 18 குதிரைப்படைப் பிரிவுகள், 14 பீரங்கிகள், 14 மேன்-ஓ-வார் என்னும் பெரும் போர்க்கப்பல்கள் என்று காட்டுகிறது.

முதல் முறை, கடலில் அவர்களை மறித்து மூழ்கடித்துவிட்டால் கரையில் போரே இருக்காது என்று எண்ணி, ஃபிரிகேட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பித் தாக்கினேன். இரண்டு மூழ்கின, இரண்டு சேதமடைந்து பழுதுபார்க்கப் போயின, ஐந்தாவது சுற்றில் என்னிடம் கடற்படை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. போதாக்குறைக்கு, அறிவிப்பு நாளில் சர்க்கரை விற்க ஆம்ஸ்டர்டாம் போயிருந்த இரண்டு கேலியன்களை அரசர் பறிமுதல் செய்துவிட்டார். இரண்டாம் முறை, கடலே வேண்டாம் என்று முடிவு செய்து, கப்பல்களைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டுத் தரையில் மட்டும் போரிட்டேன். மூன்று காலனிகள் விழுந்தன. விழுந்த காலனியின் துறையில் நின்றிருந்த கப்பல்களும் அவற்றோடு போயின.

இப்போது அறிவிப்புக்குச் சில சுற்றுகள் முன்பு சேமித்து வைத்த ஆட்டம் ஒன்று என்னிடம் உள்ளது. கருவூலத்தில் ஏறத்தாழ 21,000 தங்கம் இருக்கிறது. என் கேள்வி இதுதான். கடற்போரால் இந்த ஆட்டத்தை வெல்ல முடியுமா, அல்லது அது வீண் ஆசையா? முடியுமென்றால் இந்தப் பணத்தை எதில் இடுவது? கடற்கரையைக் கைவிட்டு உள்நாட்டுக்குப் பின்வாங்குவது பற்றியும் யோசித்தேன். அது குறித்தும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

---

பாய்மரம் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுக்குப் பின்வாங்காதீர்கள். விடுதலையை அறிவித்த பிறகு உங்களிடம் கடற்கரைக் காலனி ஒன்றாவது இருக்க வேண்டும். கடைசித் துறைமுகம் போன அன்றே ஆட்டம் முடிந்துவிடும், மலைக்குப் பின்னால் எத்தனை ஊர்கள் வைத்திருந்தாலும் சரி.

கடற்போருக்கு வருவோம். நீங்கள் முதல் முறை தோற்றது துரதிர்ஷ்டத்தால் அல்ல, கணக்கால். ஃபிரிகேட்டின் வலிமை 16, மேன்-ஓ-வாரின் வலிமை 24. தாக்குபவரின் வலிமையை இருவரின் மொத்த வலிமையால் வகுத்தால் வெல்லும் வாய்ப்பு கிடைக்கும். 16ஐ 40ஆல் வகுத்தால் 40 விழுக்காடு. அதுவும் கப்பலில் சரக்கு இல்லாதபோதுதான். சரக்கேற்றிய ஒவ்வோர் அறைக்கும் எட்டில் ஒரு பங்கு வலிமை குறையும். ஃபிரிகேட்டின் நான்கு அறைகளிலும் புகையிலையை அடைத்துக்கொண்டு போருக்குப் போனால் அது 8 வலிமை உள்ள கப்பலாகிவிடும். முதல் ஆட்டத்தில் உங்கள் ஃபிரிகேட்டுகள் காலியாகத்தான் போயினவா என்று ஒருமுறை நினைவுபடுத்திப் பாருங்கள். பிரைவேட்டியரின் வலிமை 8 மட்டுமே. ஃபிரான்சிஸ் டிரேக் உங்கள் காங்கிரசில் (தலைவர்களைச் சேர்த்துச் சலுகைகள் பெறும் அவையில்) சேர்ந்திருந்தால் அது 12 ஆகும்; அப்போதும் மேன்-ஓ-வாருக்கு எதிராக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். பிரைவேட்டியருக்கு வேகம் உண்டு, எட்டுக் கட்டம் போகும். அதை வேவு பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு விடாதீர்கள்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு 14 மேன்-ஓ-வார்களையும் மூழ்கடிப்பேன் என்று கிளம்புவது நடக்காத காரியம். ஏனென்றால், நீங்கள் வென்றாலும் எதிரிக் கப்பல் பெரும்பாலும் மூழ்குவதில்லை. சேதமடைந்து ஐரோப்பாவுக்குப் பழுதுபார்க்கப் போகிறது, சில சுற்றுகள் கழித்துத் திரும்பி வருகிறது. பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து கடலை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் ஒரு விதியை அவர்கள் கவனிப்பதில்லை. சேதமடையும் கப்பலில் இருக்கும் படைப்பிரிவுகள் கப்பலோடு பிழைத்துப் போவதில்லை. கப்பல் மூழ்கினாலும், வெறுமனே சேதமடைந்தாலும், உள்ளே இருந்தவர்கள் அழிந்தவர்களே. மேன்-ஓ-வார் ஒன்று ஆறு பிரிவுகளைச் சுமக்கும். எனவே நிறைந்த கப்பலுக்கு எதிராக நீங்கள் பெறும் ஒரே வெற்றி, கரையில் ஆறு சண்டைகளில் வென்றதற்குச் சமம். உங்கள் அறிக்கையின்படி அரசரின் தரைப்படை 72 பிரிவுகள். பன்னிரண்டு நிறைந்த கப்பல்களில் அவை அடங்கிவிடும். அந்தப் பன்னிரண்டில் நான்கைச் சேதப்படுத்தினால்கூட 24 பிரிவுகள், அதாவது மூன்றில் ஒரு பங்குப் படை, ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் போய்விடும். அதே நான்கு கப்பல்களைப் படை இறங்கிய பிறகு சேதப்படுத்தினால் உங்களுக்குக் கிடைப்பது சில சுற்றுகள் அவகாசம் மட்டுமே.

ஆகவே கப்பல்களை எண்ணாதீர்கள், கப்பலில் இருப்பவர்களை எண்ணுங்கள். வரைபட விளிம்பிலிருந்து கரையை நோக்கி வரும் கப்பல் நிறைந்தது. கரையிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கப்பல் காலியானது. முதலாவதை எந்த விலை கொடுத்தும் தாக்கலாம். இரண்டாவதற்காக ஒரு ஃபிரிகேட்டைப் பணயம் வைப்பது, வெறும் கூட்டை உடைக்கக் கையைக் கொட்டக் கொடுப்பது போன்றது.

பணத்தைப் பற்றி. ஃபிரிகேட் ஒன்றின் விலை ஐரோப்பாவில் 5,000. அறிவிப்புக்குப் பிறகு அந்தக் கடை மூடிவிடும். அதன்பின் உங்கள் கப்பல் கட்டும் தளத்தில் 512 சுத்தியலும் (கட்டுமான உழைப்பின் அளவு) 200 கருவிகளும் செலவிட்டுத்தான் கட்ட வேண்டும். தச்சு ஆசான்கள் மூவர் மர ஆலையில் வேலை செய்தால் சுற்றுக்கு 36 சுத்தியல், ஆதரவால் வரும் கூடுதல் உற்பத்தியைச் சேர்க்காமல். அந்தக் கணக்கில் ஒரு கப்பலுக்கு 15 சுற்றுகள். போர் நடக்கும்போது 15 சுற்று என்பது ஒரு யுகம். எனவே வாங்குவதானால் இப்போதே இரண்டு வாங்குங்கள்; வாங்கியவை உங்கள் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த பிறகே அறிவியுங்கள். ஜான் பால் ஜோன்ஸ் இன்னும் காங்கிரசில் சேரவில்லை என்றால் அவரையும் தேர்ந்தெடுங்கள், ஒரு ஃபிரிகேட் இலவசமாகக் கிடைக்கும்.

---

கரைக்காவல் எழுதியது:

பாய்மரம் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஃபிரிகேட்டுகளில் 10,000 தங்கத்தை இடச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. 40 விழுக்காடு வாய்ப்புள்ள கருவிக்கு ஏன் அத்தனை பணம்?

கோட்டையையும் பெருங்கோட்டையையும் கவனியுங்கள். வெறும் மரவேலி எதிரிக் கப்பலைச் சுடாது. கோட்டை நிலைக்கு உயர்ந்த காலனி, அடுத்த கட்டத்தில் நிற்கும் எதிரிக் கப்பல்களைத் தானாகவே சுடும். சுடும் வலிமை அந்தக் காலனியில் நிற்கும் பீரங்கிகளின் வலிமைக் கூட்டுத்தொகை. பீரங்கி ஒன்றுக்கு 7. உச்ச வரம்பு 48. ஏழு பீரங்கிகள் இருந்தால் 49 ஆகி வரம்பைத் தொட்டுவிடும். 48க்கு எதிராக 24 என்றால் மூன்றில் இரண்டு பங்கு வெற்றி வாய்ப்பு. நான்கு பீரங்கிகள் மட்டும் இருந்தாலும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேலே நிற்கும், ஃபிரிகேட்டைவிட மேல்.

இதைவிட முக்கியமானது, கோட்டை குறி தவறினால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. கப்பல் தப்பிப் போகும், அவ்வளவுதான். தோற்ற ஃபிரிகேட், கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறைக்குப் போகும் அல்லது கடலடிக்குப் போகும். கோட்டை அடுத்த சுற்றில் மீண்டும் சுடும். பீரங்கி 500 தங்கத்தில் தொடங்கி வாங்க வாங்க விலை ஏறும் என்றாலும், ஒரு ஃபிரிகேட் விலைக்குப் பல பீரங்கிகள் கிடைக்கும். அதே பீரங்கிகள் தரைத் தாக்குதலின்போது மதிலுக்குள்ளிருந்து காலனியையும் காக்கும்.

---

பாய்மரம் எழுதியது:

கரைக்காவல் அவர்களே, கோட்டையின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எப்போது சுடுகிறது என்று பாருங்கள். மேன்-ஓ-வார் தன் சுற்றில் கரையை அடைந்து, அதே சுற்றில் படையை இறக்கிவிடுகிறது. நம் கோட்டை சுடும் நேரத்தில் அங்கே நிற்பது பெரும்பாலும் காலிக் கப்பல். மேலே நான் சொன்ன கணக்கின்படி அது வெறும் கூடு. உங்கள் 67 விழுக்காடு ஆளில்லாத கப்பலின்மேல் போய்விழுகிறது.

---

கரைக்காவல் எழுதியது:

உண்மைதான். ஆனால் அதற்கும் வழி உண்டு. கப்பலிலிருந்தபடியே கரைமேல் பாய்ந்து தாக்க அனுமதிக்கும் விருப்பத்தேர்வு அணைக்கப்பட்டிருந்தால், நம் வீரர் நிற்கும் கட்டத்தில் எதிரியால் இறங்க முடியாது. காலனியைச் சுற்றியுள்ள கரைக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வீரரை நிறுத்திவிடுங்கள். இறங்க இடமில்லாத கப்பல் நிறைந்த வயிற்றோடு அங்கேயே தயங்கி நிற்கும். அப்போது கோட்டையும் சுடும், துறையில் இருக்கும் ஃபிரிகேட்டும் தாக்கும்.

எல்லாக் காலனிகளுக்கும் இது பொருந்தாது. நீண்ட நேர்க்கரையில் இருக்கும் ஊருக்கு எத்தனை வீரர்களைத்தான் வரிசையாக நிறுத்துவது? முனையிலோ சிறு தீவிலோ இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள். நெய்தல்நிலம், உங்களுக்கு அப்படி ஓர் ஊர் இருக்கிறதா? ஆட்டத்தைத் தொடங்கும்போது எந்த விருப்பத்தேர்வுகளை வைத்தீர்கள் என்பதையும் பாருங்கள்.

---

கடலூர்க்காரன் எழுதியது:

ஆட்டக் கணக்கில் நான் உங்கள் அளவுக்குத் தேர்ந்தவன் அல்லன். ஆனால் நெய்தல்நிலம் அவர்களின் முதல் கேள்விக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. இந்த ஆட்டம் அதில் எதைப் பின்பற்றுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்ப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கக் காங்கிரஸ் 1775 டிசம்பரில் 13 ஃபிரிகேட்டுகளைக் கட்ட ஆணையிட்டது. போர் முடிவதற்குள் அந்தப் பதின்மூன்றும் போய்விட்டன. சில பிடிபட்டன, சில எதிரி கைக்குப் போகக்கூடாதென்று எரிக்கப்பட்டன, ராண்டால்ஃப் என்ற கப்பல் சண்டையின் நடுவே வெடித்துச் சிதறியது. அதாவது, நம் நண்பர் முதல் ஆட்டத்தில் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள், அதே முடிவைத்தான் அடைந்தார்கள். கடலில் போரின் போக்கை மாற்றியது அவர்களுடைய கப்பல்கள் அல்ல, பிரெஞ்சுக் கப்பல்கள். 1781 செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடாவின் வாயிலில் பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸின் 24 போர்க்கப்பல்கள், தளபதி கிரேவ்ஸின் 19 ஆங்கிலக் கப்பல்களை எதிர்கொண்டன. அன்றைய சண்டையைப் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலக் கப்பற்படை விரிகுடாவுக்குள் நுழைய முடியாமல் திரும்பியது. யார்க்டவுனில் இருந்த ஆங்கிலப் படைத்தலைவர் கார்ன்வாலிசுக்குக் கடல்வழி அடைபட்டது. அக்டோபர் 19 அன்று அவர் சரணடைந்தார்.

இங்கேதான் ஆட்டம் வரலாற்றிலிருந்து விலகுகிறது. ஃப்ரீகாலில் கரையிறங்கிய படைக்குச் சோறும் மருந்தும் வெடிமருந்தும் கடல்வழியாக வரவேண்டியதில்லை. கடலை அடைத்தாலும் அவர்கள் பட்டினி கிடப்பதில்லை. யார்க்டவுனைப் போல முற்றுகையிட்டுச் சரணடைய வைப்பது இந்த ஆட்டத்தில் நடக்காது. எனவே பாய்மரம் சொன்னதுபோல், கடலில் நீங்கள் செய்யக்கூடியது வந்துகொண்டிருக்கும் ஆட்களைக் குறைப்பதே. ஆனால் வெளிநாட்டுத் தலையீடு என்ற பகுதியை ஆட்டம் விட்டுவிடவில்லை. அறிவிப்புக்குப் பிறகு போதிய சுதந்திர மணிகளை (விடுதலை உணர்வை அளக்கும் ஆட்டப் புள்ளிகளை) சேர்த்தால் வேறொரு வல்லரசு படை அனுப்பும். அதில் மேன்-ஓ-வார் கப்பல்களும் இருக்கும், அவை உங்கள் கட்டளைக்கு உட்பட்டவை. 24க்கு எதிராக 24. நீங்கள் காசு கொடுத்து வாங்க முடியாத கப்பல் அது. பணத்தை எதில் இடுவது என்று கேட்டீர்கள். அச்சுக்கூடத்திலும் செய்தித்தாளிலும் இடுங்கள் என்பேன். மணி உற்பத்தியை அவை உயர்த்தும்.

ஊர்ப்பற்றால் இன்னும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பொறுத்தருள்க. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிப் பெரிய கடற்சண்டை அமெரிக்காவில் நடக்கவில்லை. எங்கள் கடலூருக்கு எதிரே, 1783 ஜூன் 20 அன்று நடந்தது. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானிடம் 15 கப்பல்கள், ஆங்கிலேயர் ஹியூசிடம் 18. அன்று எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆனாலும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி காத்து நின்ற கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலப் படை கடல் துணையில்லாமல் தவித்தது. சமாதான முன்னுடன்படிக்கை அந்த ஆண்டு ஜனவரி 20 அன்றே வெர்சாயில் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் மாத இறுதியில்.

அந்த இருவரும் 1782 முதல் சதுரங்கப்பட்டினம், ஈழத்தின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று ஐந்து முறை மோதினார்கள். அந்தக் கதையில் உங்கள் ஆட்டத்துக்கு நேராகப் பொருந்தும் ஒரு செய்தி உண்டு. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவக் காற்றைத் தாங்கிக் கப்பலைப் பழுதுபார்க்கப் பாதுகாப்பான துறை இல்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் பாய்மரத்தையும் கயிற்றையும் சீர்செய்வதே சுஃப்ரானுக்குப் பெரும்பாடாக இருந்தது. 1782 ஆகஸ்டு இறுதியில் அவர் திருகோணமலையைப் பிடித்ததன் பெரும்பயன் அந்த இயற்கைத் துறைமுகம். அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஹியூஸ் பம்பாய்க்கும் சுஃப்ரான் சுமத்திராவின் ஆச்சேவுக்கும் போக வேண்டியிருந்தது. அறிவிப்புக்குப் பிறகு உங்களுக்கு ஐரோப்பா இல்லை. உலர்துறை இல்லாத கரையில் போரிட்டால், சேதமடைந்த ஃபிரிகேட் போக இடமில்லாமல் மூழ்கியே போகும். உங்கள் எட்டுத் துறைமுகங்களில் எத்தனையில் உலர்துறை இருக்கிறது?

---

நெய்தல்நிலம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்கிறேன். உலர்துறை ஒரே ஒரு காலனியில்தான் இருக்கிறது. அதுவும் இரண்டாம் ஆட்டத்தில் முதலில் விழுந்த காலனி. முதல் ஆட்டத்தில் ஃபிரிகேட் ஒன்றில் இரண்டு அறைகள் நிறையத் துப்பாக்கிகள் இருந்தன என்பது இப்போது நினைவுக்கு வருகிறது, இறக்க மறந்துவிட்டேன். பாய்ந்து தாக்கும் விருப்பத்தேர்வு அணைக்கப்பட்டுத்தான் இருக்கிறது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனையில் ஓர் ஊர் உண்டு. அதைச் சுற்றி நிலக் கட்டங்கள் மூன்றே.

ஒரு சந்தேகம். துறையிலிருந்து ஃபிரிகேட் தாக்கினால், தாக்கிய பிறகு அது கடலில் தனியே நிற்குமா, துறையிலேயே இருக்குமா?

---

பாய்மரம் எழுதியது:

துறையிலேயே இருக்கும். எதிரிக் கப்பல் காலனிக்கு அடுத்த கட்டத்தில் நின்றால், துறையை விட்டு நகராமலே தாக்கலாம். எதிரிக் கப்பல்கள் காலனியைத் தாக்க முடியாது என்பதால், ஊர் கையில் இருக்கும்வரை துறைக்குள் இருக்கும் ஃபிரிகேட்டுக்கு ஆபத்தில்லை. திறந்த கடலுக்குப் போய்த் தாக்கினால், தாக்குதலோடு அந்தச் சுற்றின் நகர்வு முடிந்து, இரவெல்லாம் எதிரிக் கூட்டத்தின் நடுவே நிற்க நேரும். முதல் ஆட்டத்தில் உங்கள் கப்பல்கள் போன விதம் இதுவாகத்தான் இருக்கும்.

கரைக்காவலின் யோசனையைக் கேட்ட பிறகு என் கருத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். இரண்டு ஃபிரிகேட் வேண்டாம், ஒன்று போதும். மிச்சப் பணத்துக்கு முனையூரில் கோட்டை, ஏழு பீரங்கிகள், இரண்டாவது உலர்துறை. கோட்டைக்கு வேண்டிய சுத்தியல்களைப் பணம் கொடுத்து முடித்துவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: எதிரி அந்த முனையூருக்கே வரவேண்டும் என்று கட்டாயமில்லை. மற்ற ஊர்களைவிட அது இளக்காரமாகத் தெரிந்தால்தான் வருவான் என்பது என் அனுபவம்.

---

கரைக்காவல் எழுதியது:

அதனால் மற்ற ஊர்களைக் காலிசெய்யாதீர்கள். ஒவ்வொன்றிலும் மரவேலியும் சில வீரர்களும் இருக்கட்டும். ஒன்றிரண்டு ஊர்கள் விழுந்தால் விழட்டும். ஆனால் இறுதியில் அவற்றை மீட்டே ஆக வேண்டும். அரசர் கையில் உங்கள் காலனி ஒன்று இருக்கும்வரை அவர் தோற்றதாக ஆட்டம் ஒத்துக்கொள்ளாது.

---

நெய்தல்நிலம் எழுதியது:

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஆட்டம் முடிந்தது. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அறிவிப்பைப் பதினோரு சுற்றுகள் தள்ளிப்போட்டேன். அதற்குள் ஒரு ஃபிரிகேட் வாங்கினேன். முனையூரிலும் அதற்கு வடக்கே உள்ள ஊரிலும் கோட்டை எழுப்பினேன். இரண்டிலும் உலர்துறை அமைத்தேன். கடலூர்க்காரன் ஐயா சொன்னபடி பெரிய ஊர்களில் அச்சுக்கூடமும் கட்டினேன். ஐரோப்பாவில் ஒரு கப்பலும் இல்லை என்று இருமுறை சரிபார்த்த பிறகே அறிவித்தேன்.

முதல் அலை நான் விரும்பிய இடத்துக்கு வரவில்லை. தெற்கே உள்ள இரண்டு ஊர்களின் மேல் இறங்கியது. ஒன்று மூன்றாவது சுற்றில் விழுந்தது. ஆனால் பிரைவேட்டியர்களை விளிம்பருகே நிறுத்தியிருந்ததால் இரண்டாவது அலை வருவதை முன்கூட்டியே பார்த்துவிட்டேன். அது முனையூரை நோக்கி வந்தது. மூன்று நிலக் கட்டங்களிலும் வீரர்களை நிறுத்தியிருந்தேன். கரைக்காவல் சொன்னதுபோலவே கப்பல்கள் இறங்க இடமின்றி நின்றன. முதல் சுற்றில் கோட்டை ஒன்றைச் சேதப்படுத்தியது, ஃபிரிகேட்டுகள் ஐந்தும் துறையிலிருந்து தாக்கியதில் இரண்டு வெற்றி, ஒரு கப்பல் நழுவிப் போனது, இரண்டு ஃபிரிகேட்டுகள் பழுதாயின. அடுத்த சுற்றில் கோட்டை மேலும் ஒன்றை வீழ்த்தியது. படை அறிக்கையைத் திறந்து பார்த்தபோது அரசரின் தரைப்படையில் 23 பிரிவுகள் குறைந்திருந்தன. என் பக்கம் ஒரு வீரரும் சாகவில்லை. அந்த ஒரு சுற்றுக்காகவே இந்த ஆட்டத்தை மீண்டும் ஆடலாம்.

அதன்பின் நடந்தது தரைப்போர். அது நீண்டது, சலிப்பூட்டியது, விரிக்கவில்லை. விழுந்த தென்னூரை மீட்கப் பத்துச் சுற்றுகள் ஆயின. தலையீட்டுப் படை வந்தபோது போர் ஏறத்தாழ முடிந்திருந்தது. அதனால் அந்த மேன்-ஓ-வார்களை ஒருமுறைதான் பயன்படுத்தினேன், அதுவும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலிக் கப்பலின்மேல். பாய்மரம் மன்னிக்க வேண்டும், ஆசை விடவில்லை.

அரசர் சரணடைந்த செய்தி வந்த சுற்றில் என்னிடம் எஞ்சியிருந்த ஃபிரிகேட் ஒன்றே ஒன்று. அதுவும் வடக்கூரின் உலர்துறையில், இன்னும் நான்கு சுற்றுகள் பழுது பாக்கி என்று காட்டிக்கொண்டு கிடந்தது.